கண்ணயர்ந்த வண்டிக்காரர்

போன மாதம் குண்டடத்துக்குப் போயிருந்தபோது தங்கை மகன் என்னிடம் ஒரு யோசனை கேட்டான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவனுக்கு வேலை. சரக்கு கப்பலேறும் நாள் நெருங்கினால் வீடு திரும்ப நடுநிசியாகிவிடும். மின்சாரக் கார் வாங்கப் போகிறான். இரண்டு கார்கள் மனசில் இருந்தன. ஒன்று, ஒரே சார்ஜில் அதிக தூரம் ஓடும். மற்றது சற்றுக் குறைவாக ஓடும். ஆனால் சாலைக் கோட்டைப் பார்த்துத் தானே வளையும், முன்னால் போகிற வண்டி நின்றால் தானும் நிற்கும்.

"ரெண்டாவதுதான் தேவலைங்க மாமா. ராத்திரி கண்ணைச் சொக்கினாலும் வண்டி பார்த்துக்கும்" என்றான்.

தங்கை ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

கதை எழுதுகிறவனிடம் கார் யோசனை கேட்டால் கதைதான் கிடைக்கும். ஆனால் இது நடந்த கதை.

மின்சாரக் கார் நேற்றுப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1899-ல் காமில் ஜெனட்ஸி என்ற பெல்ஜியத்துக்காரர் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினாரே, அது மின்சாரக் காரில்தான். அதற்கு முன் எந்தக் காரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. அந்நாளில் பெட்ரோல் காரைக் கிளப்ப இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். மின்சாரக் காரில் அந்தத் தொல்லை கிடையாது. பெட்ரோல் கார்களை ஆயிரக்கணக்கில் செய்து குவித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது மின்சாரக் கார்தான்! 1912-ல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. கைப்பிடியைச் சுழற்றாமலே மின்சாரம் பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பிவிடும். பெட்ரோல் காருக்கு மின்சாரம் செய்த அந்த உபகாரம் மின்சாரக் காருக்கே வினையாக முடிந்தது.

நம் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. 1993-ல் சாலக்குடியைச் சேர்ந்த எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி 'லவ்பேர்ட்' என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. இரண்டு பேர் உட்காரலாம். ஒரு சார்ஜுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். குண்டடத்திலிருந்து கோயமுத்தூர் போய்த் திரும்ப அது போதாது. இன்றைய லித்தியம் பாட்டரிகளுக்கு அது ஒரு தூரமே அல்ல. ஆகவே தூரத்தைப் பற்றி மாப்பிள்ளை கவலைப்பட வேண்டியதில்லை. கவலையெல்லாம் அந்தத் 'தானே ஓடுகிற' சமாசாரத்தில்தான்.

அதற்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. அமெரிக்காவில் ரால்ஃப் டீட்டர் என்று ஓர் எஞ்சினீயர் இருந்தார். ஐந்து வயதிலேயே பார்வை போய்விட்டது. அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே கார் ஓட்டும்போது வேகம் ஏறியும் இறங்கியும் குலுக்குமாம். அந்த அவஸ்தையில்தான் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கருவியை அவர் யோசித்தார் என்பார்கள். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. காலுக்கு ஓய்வு கொடுக்கும் கருவி, அவ்வளவே. கண்ணின் வேலை ஓட்டுகிறவரிடமே இருந்தது. 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி அதைத் தன் காரில் பொருத்தி விற்றபோது வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஆட்டோ பைலட்'!

2015-ல் டெஸ்லா கம்பெனியும் தன் கருவியை அதே பெயரில் கொண்டுவந்தது. மறு வருஷம் மே மாதம் ஃப்ளாரிடாவில் ஒரு டெஸ்லா கார், குறுக்கே திரும்பிய லாரியைக் கண்டுகொள்ளாமல் அதன் அடியில் புகுந்தது. ஓட்டியவர் மாண்டார். கருவி இயங்கிய 37 நிமிஷத்தில் அவர் கை ஸ்டியரிங்கில் இருந்தது 25 விநாடிதான் என்று விசாரணையில் தெரிந்தது.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை, "அந்தக் காலத்துல சந்தைக்குப் போனவங்க எல்லாம் மாட்டு வண்டியில தூங்கிட்டுத்தானே வந்தாங்க?" என்று மடக்கினான்.

வாஸ்தவம். என் அப்புச்சியும் அப்படித்தான் வருவார். ஒரு சனிக்கிழமை குண்டடம் சந்தையில் புது ஜோடி மாடு பிடித்து வண்டியில் பூட்டினார். பழக்கதோஷத்தில் கண்ணயர்ந்துவிட்டார். விடிந்து பார்த்தால் வண்டி நிற்பது மாட்டை விற்றவர் வீட்டு வாசலில்! "ஏனுங்க, மாடு சரியில்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் வெளியே வந்தாராம்.

மாடுகள் வழி தவறவில்லை. தங்களுக்குத் தெரிந்த வழியில் ஒழுங்காகத்தான் போயின. இந்தக் கார்களும் அப்படித்தான். கோடு பளிச்சென்று தெரியும் சாலையில் நன்றாகவே போகும். கோடு அழிந்த ஓரம், பின்விளக்கு இல்லாத டிராக்டர், இருட்டில் குறுக்கே பாயும் வெள்ளாடு இவற்றை அது எப்போதும் புரிந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. இன்று நாம் வாங்கக்கூடிய கார்களில் வரும் கருவி ஓட்டுகிறவருக்கு உதவிதான். கண் சாலையில் இருக்க வேண்டும் என்று விற்கிறவர்களே புத்தகத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

"ரெண்டாவது காரையே வாங்கு. நீ அசந்த ஒரு விநாடியில் அது பிரேக் போட்டால் புண்ணியம். ஆனால் அதை நம்பித் தூங்குவதாக இருந்தால் வாங்காதே" என்றேன்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "உங்க அப்புச்சி அப்புறம் வண்டியில தூங்கவே இல்லீங்களா மாமா?" என்றான்.

"தூங்கினார். அதே மாடுகளோடு ஒரு வருஷம் விழித்திருந்து போய் வந்த பிறகு."

தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ராத்திரி தூக்கம் வந்தா கம்பெனியிலேயே படுத்துக்க கண்ணு. விடிஞ்சே வா. சோறு வெச்சிருக்கேன்."