பாதியில் அறுந்த செய்தி

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் ரயில் வந்தது. ஏலமலைச் சரக்கை நம்பிப் போட்ட மீட்டர்கேஜ் பாதை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் திரும்பி வர 1950கள் ஆயிற்று. போடிமெட்டு அடிவாரத்தில் குண்டு எதுவும் விழவில்லை. போர் இங்கே இரும்பைத்தான் கேட்டது. ஆனால் 1942 ஏப்ரலில் அந்தப் போர் எவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது என்று பார்க்க, மதுரைச் சீமை ஜனங்கள் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன இலங்கைக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். அடுத்தது கொழும்புதான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். காலிக்கு அருகே கொக்கல என்ற இடத்தில், கடற்கரையை ஒட்டிய ஏரியில், கனடாவின் 413ஆம் விமானப் படையணி வந்து இறங்கியது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே குளிர்க்கடலில் பறந்துகொண்டிருந்தவர்கள். அவர்களிடம் இருந்தது கேட்டலினா. தண்ணீரில் இறங்கி ஏறும் இரட்டை எஞ்சின் விமானம். குண்டும் போடும், வேவும் பார்க்கும். நாள் முழுக்க வானத்தில் கிடக்கும். ஆனால் அதிகபட்ச வேகமே மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்தான். ஜப்பானின் ஜீரோ போர்விமானம் 500-ஐத் தாண்டும்.

ஏப்ரல் 4. லெனார்ட் பிர்ச்சால் தலைமையில் ஒன்பது பேர் விடியுமுன் கிளம்பினார்கள். அவர் கொக்கல வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ரோந்து முடிகிற நேரம், பிற்பகல் நான்கு மணி வாக்கில், தெற்கே அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. 'கப்பல்கள் தெரிகின்றன' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் ஒன்பது பேரும் பிழைத்திருக்கலாம். ஆனால் எத்தனை கப்பல், எந்தத் திசை, என்ன வேகம் என்று தெரியாத செய்தியை வைத்துக்கொண்டு கொழும்பில் என்ன செய்வார்கள்? பிர்ச்சால் கிட்டப் போனார். முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை அது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்.

கம்பியில்லாத் தந்தியில் செய்தி போகத் தொடங்கியது. ஒரே செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும். மூன்றாவது முறை அனுப்பும்போதே ஜீரோக்களின் குண்டுகள் தந்திக் கருவியை நொறுக்கின. எரிபொருள் தொட்டி கிழிந்து உள்ளே தீப்பிடித்தது. பறந்த உயரமோ மிகக் குறைவு. பாராசூட்டில் குதிக்க வழியில்லை. உடைந்துகொண்டிருந்த விமானத்தை பிர்ச்சால் எப்படியோ கடல்மேல் இறக்கினார். கால் சிதைந்த ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். மற்ற எட்டுப் பேர் வெளியே வந்தார்கள். ஜீரோக்கள் தண்ணீரிலும் சுட்டன. நினைவிழந்து மிதவைச் சட்டையில் மிதந்த இருவரால் முங்க முடியவில்லை, செத்துப்போனார்கள். மிஞ்சிய ஆறு பேரை 'இசோகாசே' என்ற நாசகாரிக் கப்பல் தூக்கிக்கொண்டது.

கப்பலில் கேட்ட முதல் கேள்வியே, 'செய்தி அனுப்பினாயா?' என்பதுதான். இல்லை என்று சாதித்தார்கள். நம்பவும் ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, 'செய்தியைத் திரும்பச் சொல்' என்று கொழும்பிலிருந்து வந்த அழைப்பு ஜப்பானியர் காதிலும் விழுந்தது. அப்புறம் அடி.

அந்தச் செய்தியால் என்ன லாபம்? கிளம்ப முடிந்த கப்பல்களெல்லாம் அன்றிரவே கொழும்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை குண்டுவீச்சு நடந்தபோது நகுமோ எதிர்பார்த்த கப்பற்கூட்டம் அங்கே இல்லை. ஆனால் கணக்கு அவ்வளவு நேராக முடியவில்லை. முந்தின நாளே எச்சரிக்கை வந்தும், எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது ரத்மலானை போர்விமானங்கள் தரையிலேயே நின்றன. முந்தின இரவு வெளியேறிய டார்செட்ஷையர், கார்ன்வால் என்ற இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மாட்டி மூழ்கின. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாள் ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கொழும்பிலிருந்து போய் நகுமோவின் கப்பல்கள்மீது குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. திரும்பி வந்தவை நான்கு. ஆனால் அந்த வாரத்தோடு நகுமோ திரும்பிப் போனார். இலங்கையில் ஜப்பானியர் கால் வைக்கவே இல்லை.

பிர்ச்சால் 1945 வரை ஜப்பானில் போர்க்கைதி. முகாமில் நோயாளிகளை வேலைக்கு இழுத்த காவலரை எதிர்த்து நின்று அடிபட்டவர். நடந்ததையெல்லாம் ரகசியமாக எழுதி வைத்தார். போர் முடிந்தபின் அது சாட்சியமாயிற்று. 'இலங்கையின் மீட்பர்' என்று பட்டம் வந்தது. 2004-ல் காலமானார்.

பட்டம் ஒருவருக்குத்தான் வரும், அது வழக்கம். ஆனால் தீப்பிடித்த விமானத்துக்குள் மூன்றாவது தடவையும் தந்தியைத் தட்டிக்கொண்டிருந்த கை வேறொருவருடையது. கடலில் போன மூன்று பேருக்கு, தாங்கள் அனுப்பியது கரை சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது.