மூலநிரல் எங்கே இருக்கிறது?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அண்ணன் போனில் கேட்டதும், "ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதட்டுமாண்ணா?" என்றேன். "அதை நாலு பேர் எழுதிட்டாங்க. உன் வேலையைப் பத்தி எழுதுப்பா" என்றார். ஆகவே, என் தொழிலைச் சார்ந்த ஒரு சிறு சரித்திரம். கம்ப்யூட்டர் பக்கமே போகாத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

நாம் எழுதும் புரோகிராமின் மூல வடிவத்தை மூலநிரல் என்கிறோம். அதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். நூற்றுக்கணக்கான கோப்புகளில் எதை, எங்கிருந்து எடுத்து கம்பைலரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொள்வது 'பில்ட் டூல்'. கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆள் மாதிரி. அந்த ஆள் பழைய மூட்டையைப் பிரித்துவிட்டால், சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்த வகைக் கருவிகளில் மூத்தது 'மேக்'. அமெரிக்காவின் பெல் லேப்ஸில், ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு காலைப் பொழுது முழுக்கத் தன் புரோகிராமில் பிழை தேடினார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துபோனதுதான் விஷயம்! அவர் நொந்துகொண்டதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் 'மேக்'கை எழுதினார். மூலக் கோப்பின் நேரத்தையும் கம்பைலான கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். ஆனால் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் 'மேக்ஃபைல்' என்ற தாளில் எழுதித் தர வேண்டும்.

எனக்கு மேக் அறிமுகமானது, பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில். 2011-இல் தொடங்கிய திட்டம். அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. நம் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டையும் அதிலேயே செய்தோம்.

புராஜெக்ட் என்ன தெரியுமா? கிராமத்துக் கிணறுகள், அடிபம்புகளின் ஃபுளோரைடு அளவைப் போட்டால், குடிக்கலாமா கூடாதா என்று பட்டியல் தரும் புரோகிராம். தருமபுரிக்காரர்களுக்கு ஃபுளோரைடைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் தங்கையின் பல்லிலேயே அந்தக் காவிக்கறை உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. முதலில் நாங்கள் தவறுதலாக 2.5 என்று ஹெட்டர் கோப்பில் எழுதி, பிறகு திருத்தினோம். பழைய நகல் வேறொரு ஃபோல்டரில் கிடந்தது.

வைவா நன்றாகவே முடிந்தது. பட்டியலின் ஒரு பிரதியை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் கொடுத்துவிட்டோம். ஒரு நாள் அரூர் பஸ்ஸில் உட்கார்ந்து என் பிரதியைப் புரட்டினேன். எங்கள் தெரு அடிபம்பு, அளவு 1.9, 'குடிக்கலாம்'. வயிற்றைப் பிசைந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் தெருவே அந்தப் பம்புக்குத்தான் போகும்.

அன்றிரவு மேக்ஃபைலைத் திறந்து பார்த்தேன். தேட வேண்டிய இடம் என்று இரண்டு ஃபோல்டர்களைக் கொடுத்திருந்தோம், பழையது முதலில். கம்பைலர் வரிசையாகத் தேடும். முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும், அப்புறம் தேடாது. ஒரே பேரில் இரண்டு பேர் இருக்கும் தெருவில், முதல் வீட்டிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரர் போல. எர்ரர் எதுவும் வராது.

மறுநாள் கைடு சாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மார்க் கிடக்கட்டும். மொதல்ல ஊருக்குப் போயி அந்த லிஸ்ட்டை மாத்திக் குடுத்துட்டு வா" என்றார். போனேன், மாற்றினேன்.

இந்தத் 'தேடும்' பிரச்சினைக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வழி கண்டது. ஜாவாவில் பேக்கேஜின் பேரே ஃபோல்டரின் பேராயிற்று. 2000-இல் வந்த 'ஆண்ட்', "மூலநிரல் எங்கே, சொல்" என்றது. 2004-இல் முதல் பதிப்பு கண்ட 'மேவன்', "சொல்ல வேண்டாம், 'எஸ்ஆர்சி/மெயின்/ஜாவா'வில் வை, நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றது. 'கோ' மொழி எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைக்கச் சொல்லிவந்து, 2018-இல் 'மாட்யூல்' முறை மூலம் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. 2015-இல் கூகுள் வெளியிட்ட 'பேசல்' இன்னும் கறார். எந்தெந்தக் கோப்பு வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லும்.

இன்று பில்ட் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, ஜிசிசி கம்பைலரில் 'மைனஸ் எச்' போடுவது. எந்த ஹெட்டரை எங்கிருந்து எடுத்தேன் என்று அதுவே வரிசையாக ஒப்புவித்துவிடும். அன்றைக்கு அந்த ஒரு எழுத்து தெரிந்திருந்தால், எங்கள் தெருவுக்குத் தப்பான பட்டியல் போயிருக்காது.