ஆண்கள் ஆட்டமாக இருந்த வள்ளி கும்மி பெண்கள் கைக்கு வந்தது எப்படி? யார் இந்த பத்திரப்பன்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கோயில் திருவிழான்னாலே இப்போ வள்ளி கும்மி நினைவுக்கு வந்துடும். ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆனால், ஒரு காலத்தில் இதை ஆடியது பெரும்பாலும் ஆண்கள்தான்!

வள்ளி ஒயில் கும்மி என்றால் என்ன?

ஒயில் என்றால் அழகு. கும்மி என்றால் கைதட்டி ஆடுவது. முருகன் - வள்ளி திருமணக் கதையைப் பாட்டாகப் பாடி, அதற்கேற்ப அடி வைத்து ஆடுவதே வள்ளி ஒயில் கும்மி. தினைப்புனம் காக்கும் வள்ளி, வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகன், மிரட்ட வரும் யானை என முழுக் கதையும் ஆட்டத்தில் வந்துவிடும். மருதமலை, சிவன்மலை, சென்னிமலை என முருகன் கோயில்கள் நிறைந்த கொங்கு மண்ணில் இந்தக் கலை வேரூன்றியதில் ஆச்சரியமில்லை.

பத்திரப்பன் செய்தது என்ன?

கோவை மாவட்டத்தைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் பத்திரப்பன். ஆண்களே கோலோச்சிய இந்தக் கலையைப் பழைய வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். புராணக் கதையோடு நிற்காமல், சமூகப் பிரச்னைகளையும் வரலாற்றுத் தலைவர்களையும் பாட்டில் கொண்டுவந்தார். 2024-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87.

இப்போது என்ன நிலைமை?

இன்று பள்ளி மாணவி முதல் பாட்டி வரை ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். வேலை முடிந்து வரும் பெண்கள் இரவில் ஊர்ப் பொது இடத்தில் பயிற்சி எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே மைதானத்தில் ஆடும் அரங்கேற்றங்களும் நடக்கின்றன.

சர்ச்சை ஏன்?

சில மேடைகளில், சொந்த சாதியிலேயே திருமணம் செய்வோம் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டது விவாதமானது. வேடர் குலத்தில் வளர்ந்த வள்ளியை முருகன் காதலித்து மணந்த கதையைத்தானே பாடி ஆடுகிறோம், அந்த மேடையில் இப்படி ஒரு உறுதிமொழியா என்பதே விமர்சகர்களின் கேள்வி.

ஆடக் கூடாது என்ற தடையைத் தாண்டித்தான் பெண்கள் இந்தக் களத்துக்கு வந்தார்கள். அதே களத்தில் அவர்களுக்குப் புதுக் கட்டுப்பாடு வருமா என்பதுதான் இப்போது கொங்கு மண்ணில் பேசவேண்டிய விஷயம்.