பாலாற்று ஏரிச் சேற்றில் கிடக்கும் ஆவணம்

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பைச் சட்டம் பயில்வோர் நன்கறிவர். மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தரவேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதை அது பதிவு செய்தது. இழப்பீட்டை இரு வகையாகக் கணக்கிடவும் சொன்னது. பாதிக்கப்பட்டோருக்குத் தருவது ஒன்று. சீர்கெட்ட சூழலை மீட்பதற்கானது மற்றொன்று. முதலாவதற்குப் பட்டாவும் உப்பேறிய கிணறும் சாட்சி. இரண்டாவதற்கு யார் சாட்சி? மீட்பது என்றால் எந்த நிலைக்கு மீட்பது?

வருவாய்த்துறையின் ஏரிக்கணக்கு ஆயக்கட்டை எழுதும், மதகை எழுதும், கொள்ளளவை எழுதும். நீருக்குள் நீந்தியதை எழுதும் வழக்கம் அதற்கில்லை. ஏரிநீரைக் கையில் அள்ளி வெயிலில் பிடித்தால் துள்ளும் துகள்கள் தெரியுமே, அவற்றைத்தான் விலங்கு மிதவையுயிரிகள் என்கிறார்கள். நீர்த்தெள்ளு, துடுப்புக்காலி, சக்கரவுயிரி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பெயரைக் காட்டிலும் அவற்றின் பண்புகளே இன்றைய ஆய்வாளருக்குப் பொருட்டு: உடல் எவ்வளவு பெரிது, எதை எப்படி உண்கிறது, ஏரி வற்றினால் எவ்விதம் பிழைக்கிறது. உடல் பெரிய நீர்த்தெள்ளு நீரை வடிகட்டிப் பாசியை உண்டு நீரைத் தெளிய வைக்கும். தானும் மீன்குஞ்சுக்கு இரையாகும். உப்பும் நஞ்சும் மிகும்போது முதலில் மறைவன பெரும்பாலும் இத்தகையவை. அவற்றின் இடத்தில் உப்பைத் தாங்கும் சிறு சக்கரவுயிரிகள் பெருகும். உயிர்கள் அப்போதும் ஏராளமாக இருக்கும். ஆனால் பழைய வேலையைச் செய்ய ஆளிராது.

தோல் தொழில் இங்கே பழையது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் கப்பலேறிய காலத்திலும் கழிவு இருந்தது, நாற்றமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். எனினும் பாலாற்றங்கரையில் பெருமாற்றம் வந்தது 1970களில்தான். சீதாராமய்யா குழுவின் பரிந்துரைக்குப் பின் அரசு கச்சாத்தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணிக் கணக்கில் அது நல்ல கொள்கை. ஆற்றின் கணக்கில் குரோமியத்தின் வருகை. இராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகளைச் செய்த ஓர் ஆலை, 1990களின் நடுவில் மூடப்பட்டபோது இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. அக்கழிவிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் நீர்த்தெள்ளுக்கு மிகக் கொடிய நஞ்சு. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கழிவுநீரின் நச்சுத்தன்மையை அறிய நீர்த்தெள்ளைத்தான் அதில் 48 மணி நேரம் விட்டுப் பார்க்கிறார்கள்.

இந்தச் சிற்றுயிர்களில் ஒன்றை மட்டும் நம் அரசு நன்கறிந்திருந்தது, பகையாக. நரம்புச் சிலந்தி நோயைக் குடிநீர் வழியே மனிதருக்குக் கொண்டுவந்தது சைக்ளாப்ஸ் என்னும் துடுப்புக்காலி. படிக்கிணறுகளில் மருந்திட்டும் துணியால் நீரை வடிகட்டச் சொல்லியும் அந்நோயை ஒழித்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1996 ஜூலையில். வேலூர்த் தீர்ப்பு அடுத்த மாதம்!

மேற்சொன்ன பண்புகளுள் வரலாற்றாசிரியருக்கு உதவக்கூடியது உறக்கம். நிலை மோசமாகும்போது நீர்த்தெள்ளு கடினமான உறையில் முட்டையிடும். குதிரைச் சேணம் போன்ற அந்த உறை சேற்றில் புதைந்து பல பத்தாண்டுகள் கிடக்கும். உறையின் நீளத்திலிருந்து தாயின் உடலளவைக் கணிக்கலாம். நெல்சன் ஹேர்ஸ்டனும் குழுவினரும் ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரிச் சேற்றிலிருந்து பழைய முட்டைகளைப் பொரிக்கவைத்தனர். அந்த ஏரி மாசடைந்து நச்சுப்பாசி பெருகிய காலத்தில் நீர்த்தெள்ளு அதைத் தாங்கப் பழகியதை அவர்கள் 1999இல் காட்டினர். நம் ஏரிகள் அத்தனை ஒழுங்கானவை அல்ல. வற்றும், வெடிக்கும், மாடுகள் மிதிக்கும், அடுக்குகள் கலையும். ஆயினும் கரையோரத்து மதகடிப் பள்ளத்தில் நீர் நெடுநாள் நிற்கும். அங்கே கீழடுக்கு கலையாதிருக்க வாய்ப்புண்டு. குரோமியம் ஏறத் தொடங்கும் அடுக்கே ஓர் ஆண்டுக்குறி. அதற்குக் கீழே கிடக்கும் சேணங்கள் நீதிமன்றம் மீட்கச் சொன்ன சூழலின் பதிவு.

2017இல் குடிமராமத்துப் பணி மீண்டும் தொடங்கியபோது, ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிச்செல்ல அரசு இசைந்தது. தூர்வாரல் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வண்டல் வயலுக்குப் போவது நம் பழைய வழக்கம். ஆனால் கழிவு படிந்த ஏரியில் அவ்வண்டலோடு குரோமியமும் வயலுக்குப் போகும்; ஆவணமும் கலைந்துபோகும். 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. மீட்பின் அளவுகோலை அக்குழு எங்கிருந்தாவது பெற்றாக வேண்டும். தூர்வாரும் எந்திரம் இறங்குவதற்கு முன் மதகடியில் ஒரு குழாயைச் செங்குத்தாகச் செருகி எடுத்து, வரும் சேற்றை விரற்கடை விரற்கடையாக அறுத்து, ஒவ்வொன்றையும் சல்லடையில் அலசி, சேணங்களை எண்ணி, குரோமியத்தை அளந்துவிடலாம். ஓர் ஏரிக்கு அரைநாள் சேறெடுக்க, மீதி ஆய்வுக்கூடத்தில்.