இரண்டு பாதுகாப்புகள்: எக்ஸ்பியின் பேட்சுகள் எங்கே போயின?

தமிழில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். திருடன் நுழையாமல் பூட்டுவதும் பாதுகாப்பு, தாத்தா காலத்துப் பத்திரத்தைச் செல்லரிக்காமல் வைத்திருப்பதும் பாதுகாப்பு. ஆதரவு முடிந்துபோன இயங்குதளத்தின் அப்டேட்கள் விஷயத்தில் இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் இதைப் பற்றி நான் எடுத்துவைத்திருந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதலாம் என்று தோன்றியது. உதாரணத்துக்கு விண்டோஸ் எக்ஸ்பியை எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் கதை முழுசாக நடந்து முடிந்திருக்கிறது.

முதலில் காலவரிசை. எக்ஸ்பி கடைக்கு வந்தது 2001 அக்டோபர் 25. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில்தான் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடும் வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் தொடங்கியது. 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2, 2008-இல் சர்வீஸ் பேக் 3. ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8. சர்வீஸ் பேக் 3 வந்த பிறகும் ஆறு வருஷம் தனித்தனிப் பேட்சுகள் வந்துகொண்டே இருந்தன. இன்றைக்கு ஒருவர் பழைய எக்ஸ்பி சிடியை வைத்து ஒரு கணினியை எழுப்பினால், அத்தனையும் அவருக்கு வேண்டும்.

யாருக்கு இன்னும் எக்ஸ்பி வேண்டும் என்று கேட்கலாம். கணினி பழசானால் மாற்றிவிடலாம். அதோடு இணைந்த ஆய்வக எந்திரத்தையோ லேத்தையோ அப்படி மாற்ற முடியாது. அதன் டிரைவர் எக்ஸ்பிக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும், எழுதிய நிறுவனமே இல்லாமல் போயிருக்கும். நம் ஏடிஎம்களையே பாருங்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு நின்று நான்கு வருஷம் கழித்து, 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றச் சொல்லி அதில் கெடு வைத்தது.

பயன்பாட்டை விடுங்கள். ஒரு பேட்ச் கோப்பு என்பது ஆவணமும்தான். இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல சாட்சி வானாகிரை. 2017 மே 12 அன்று அது பரவியபோது இங்கிலாந்தின் அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. ஆதரவு முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தும், மைக்ரோசாஃப்ட் ஒரே நாளுக்குள் எக்ஸ்பிக்கு இலவசப் பேட்ச் ஒன்றை வெளியிட்டது. கேபி4012598 என்பது அதன் எண். எல்லோரும் அவசரத்தில் தயாரித்தது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைத் திறந்து பார்த்தால் தேதி 2017 பிப்ரவரி! கோப்பின் பெயருக்குள்ளேயே 'கஸ்டம்' என்ற சொல் இருக்கிறது. அதாவது, ஆதரவு முடிந்த பிறகும் தனியாகப் பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்கான ரகம். மருந்து மூன்று மாதமாகத் தயாராக இருந்தது, பணம் கட்டாதவர்களுக்குத் தரப்படவில்லை. கோப்பு கையில் இருந்ததால்தான் தெரிந்தது.

அப்படியென்றால் இந்தக் கோப்புகளை யார் சேமித்தார்கள்? 2003 வாக்கிலேயே 'ஆட்டோபேட்சர்' என்ற கருவி இருந்தது. இணைய இணைப்பு மெதுவாக இருந்த காலம். சர்வீஸ் பேக் 3-இன் முழுப் பதிப்பு மட்டும் 316 எம்பி. டயல்-அப்பில் அதை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். ஆட்டோபேட்சர் எல்லாப் பேட்சுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தச் சொன்னது. கோப்புகளின் உரிமை அவர்களுடையது, மற்றவர் விநியோகிக்க அனுமதி இல்லை. பிறகு ஆட்டோபேட்சர் வேறு வடிவில் வந்தது. மூட்டையில் கோப்புகள் இல்லை, சுட்டிகள் மட்டும். கோப்பை மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் ஒரு கணினி இதழில் பிறந்து 'டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட்' என்று வளர்ந்த கருவியும் இதே வழியில்தான் போனது. சட்டப்படி சரியான வழி. ஆனால் சரக்கு முழுக்க ஒரே கிடங்கில், சாவியும் ஒருவரிடமே.

2020-இல் அந்தக் கிடங்கைக் காலி செய்தார்கள்.

காரணம் ஷா-1. ஒரு கோப்பின் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிடும் முறை அது. 1995-இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்டது. எக்ஸ்பி காலத்துப் பேட்சுகளின் கையொப்பங்கள் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, ஒரே ஷா-1 எண் வரும் இரண்டு வேறு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டினார்கள். இரண்டு பேருக்கு ஒரே கைரேகை என்றால் அந்தக் கைரேகையை யார் நம்புவார்கள்? ஷா-1-ஐ நம்பியிருந்த பழைய அப்டேட் சேவை 2020-இன் நடுவில் நின்றது. 2020 ஆகஸ்ட் 3 அன்று, ஷா-1 கையொப்பமிட்ட விண்டோஸ் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் தன் டவுன்லோட் சென்டரிலிருந்து எடுத்துவிட்டது. இன்னொரு தளமான அப்டேட் கேட்டலாகில் பல பேட்சுகள் தங்கின, ஆனால் டவுன்லோட் சென்டரைக் காட்டிய சுட்டிகள் வெறும் முகவரிகளாகிப்போயின.

பூட்டும் பாதுகாப்பின் பார்வையில் இது சரியான முடிவு, மறுக்க முடியாது. நம்ப முடியாத கையொப்பம் உள்ள கோப்பை ஒரு நிறுவனம் எத்தனை நாள் விநியோகிக்கும்? பத்திரம் காக்கும் பாதுகாப்பின் பார்வையில், முத்திரை பழசாகிவிட்டது என்று பத்திரத்தையே எரித்தது போலாயிற்று.

லினக்ஸ் உலகில் இந்தச் சிக்கல் இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. டெபியன் தன் பழைய பதிப்புகளைத் தனி ஆவணச் சர்வருக்கு மாற்றி வைக்கிறது. 'ஸ்னாப்ஷாட்' என்ற சர்வரில் 2005-இலிருந்து பொதிகளின் நிலை தேதிவாரியாக இருக்கிறது. உரிமம் அனுமதிப்பதால் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். ஆனாலும் டெபியன் பட்டியல்கள் சிலவற்றில் காலாவதித் தேதி உண்டு. எதிரி ஒருவன் பழைய பட்டியலைக் காட்டி ஏமாற்றி, ஓட்டையுள்ள பதிப்பைத் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவருக்கோ அந்தப் பழைய பட்டியல்தான் வேண்டும். அதனால் தேதி சோதனையை அவரே அணைத்துக்கொள்ள வேண்டும். மோதல் அங்கேயும் அதேதான். என்ன வித்தியாசம்னா, அங்கே கதவின் சாவி பயனரிடம் இருக்கிறது.

எக்ஸ்பிக்கு மிச்சம் இருப்பவை என்னென்ன? சர்வீஸ் பேக் 2 வந்தபோது மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தபாலில் அனுப்பிய சிடிகள், கணினி இதழ்களோடு வந்த சிடிகள். இவற்றில் பல இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. 'லெகசி அப்டேட்' என்ற தன்னார்வத் திட்டம் பழைய எக்ஸ்பி கணினிக்கு அப்டேட் தளத்தை மீண்டும் காட்டுகிறது. 'விண்டோஸ் அப்டேட் ரெஸ்டோர்ட்' என்பது 95, 98 காலத்துக்கே போகிறது. எல்லாம் சொந்த நேரத்தில் சிலர் செய்யும் வேலை.

இதில் நமக்கும் பங்கு உண்டு. எக்ஸ்பிக்குத் தமிழ் இடைமுகப் பொதி ஒன்று வந்தது. 'ஃபைல்', 'எடிட்' எல்லாம் தமிழில் என்னவாக இருக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்த சொற்கள் அதில் இருக்கின்றன. தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதப்போகிறவருக்கு அது மூல ஆவணம்.

சேமிக்க நினைப்பவர்களுக்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். கோப்பு மட்டும் போதாது. கேபி எண், மொழி, வெளியான தேதி, எடுத்த முகவரி, எடுத்த நாள், எதற்கு முன் எது வேண்டும் என்ற வரிசை (சர்வீஸ் பேக் 3-ஐ ஆரம்பகால எக்ஸ்பியில் நேரடியாக ஏற்ற முடியாது, நடுவில் 1 அல்லது 2 வேண்டும்) ஆகியவற்றை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ணை இன்றே கணக்கிட்டுச் சேருங்கள். பழைய கையொப்பம் நாளை மதிப்பிழந்தாலும், இன்றைக்கு இருந்த கோப்பு இதுதான் என்று காட்ட அது உதவும்.

விண்டோஸ் 10-இல் மாதாந்திர அப்டேட் முந்தைய மாதங்களையும் உள்ளடக்கியே வருகிறது. அதனால் கடைசி ஒன்று இருந்தால் போதும் என்று தோன்றும். கணினியைப் பயன்படுத்துபவருக்குப் போதும். ஆனால் எந்த ஓட்டை எந்த மாதம் அடைபட்டது என்று பார்க்க, முன்னும் பின்னுமான இரண்டு கோப்புகளையும் ஒப்பிட வேண்டும். நடுவில் உள்ளவையும் வேண்டும். இப்போது அவற்றில் பல சர்வரில் இருக்கின்றன. எக்ஸ்பியுடையவையும் ஆதரவு முடிந்து ஆறு வருஷம் இருந்தன.

பரணில் பழைய கணினி இதழ்களின் சிடி டப்பா இருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.