மின்னலும் முத்தும்

1973 மே 11 அன்று ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. எங்கள் ஊர்த் தியேட்டரில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது.

அப்பா முத்துக்குளித்தவர். மாமா அவருக்குக் கயிறு பிடித்தவர். தூத்துக்குடிக் கடலில் குளிப்பவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்துப் பிடிப்பான், கை நழுவாது என்பது கரையின் கணக்கு. கல்லின் கனத்தில் அப்பா, சிப்பி விளையும் கடலடித் திட்டான பாருக்கு இறங்குவார். கயிறு அசைந்ததும் மாமா இழுத்துவிடுவார். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புதான் இங்கே கடைசி. பிறகு பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. இருவரும் சங்கு குளிக்கப் போனார்கள்.

தமிழில் அவ்வளவு பெரிய செலவில் வந்த உளவுப் படம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விஞ்ஞானி முருகன் மின்னலின் ஆற்றலைப் பிடித்துவைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அது ஆயுதமாகிவிடும் என்று அஞ்சி, குறிப்புகளை எரித்துவிட்டதாகக் காட்டிவிட்டு வெளிநாடுகளில் பிரித்து ஒளித்துவைக்கிறார். காணாமல்போன அண்ணனைத் தேடிப் புறப்படுகிறார் துப்பறியும் அதிகாரியான தம்பி ராஜு. இரண்டு வேடமும் எம்.ஜி.ஆர்., இயக்கமும் அவரே. சண்டையும் பாட்டும் எத்தனை இருந்தாலும், எல்லோரும் உயிரைக் கொடுத்துத் தேடுவது பொன்னையோ வைரத்தையோ அல்ல, ஒரு தமிழ் விஞ்ஞானியின் குறிப்புகளை! அதற்காகவே இன்றும் அந்தப் படத்தைக் கொண்டாடுகிறேன்.

1970-இல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சி திரையில் விரிந்தபோது தியேட்டரே எழுந்து நின்றது. மாமா மட்டும் என் காதருகே குனிந்து, “எலேய், இவன்தாம்ல முத்தக் கூண்டுல போட்டு வளக்கான்” என்றார்.

அவர் சொன்னது சரி. ஜப்பானியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருண்டை முத்தை வளர்க்கக் கற்று, நுணுக்கத்தை வெளியே விடாமல் காத்துவந்தார்கள். ஆனால் மாமா அதைச் சொன்ன நாட்களில், எங்கள் ஊருக்கு வடக்கே வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமியும் அவருடன் இருந்தவர்களும் அதே வேலையில்தான் மூழ்கியிருந்தார்கள். உயிருள்ள சிப்பியின் வாயை லேசாகத் திறந்து, உள்ளே சின்னக் கீறல் போட்டு, கிளிஞ்சலில் கடைந்த ஒரு மணியையும் இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதைத் துணுக்கையும் ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். பிறகு கூண்டிலிட்டுக் கடலில் தொங்கவிட வேண்டும். சதை வளர்ந்து மணியைச் சுற்றிக்கொள்ளும். ஏடு ஏடாக ஒளி படியும். 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்து அங்கே கிடைத்தது. படம் வந்து இரண்டே மாதம்!

சேதி கேட்டு அப்பா, “கல்லக் கட்டி எறங்காமலா?” என்று ஒருமுறை கேட்டார். மாமா தன் உள்ளங்கையின் கயிற்றுத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விஞ்ஞானிகள் செய்முறையை ஒளிக்கவில்லை. ஆய்விதழில் எழுதினார்கள், வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முருகன் காகிதத்தை எரித்துக்காட்டும் காட்சி வரும்போதெல்லாம், எங்கள் கரையில் அச்சேறிய அந்தக் காகிதம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.