கைரேகைச் சட்டமும் கணிக்கும் எந்திரமும்

ஒருவன் செய்த குற்றத்துக்காக அவனைத் தண்டிப்பது நீதி. இன்ன குலத்தில் பிறந்தான் என்பதற்காக அவனைக் குற்றவாளிகளின் பட்டியலில் சேர்ப்பது கொடுமை. செயற்கை நுண்ணறிவுக்கு எத்தகைய சட்ட வரம்பு வேண்டும் என உலக நாடுகள் ஆராயும் இந்நாளில், திண்டுக்கல் சமவெளியோடு தொடர்புடைய பழைய வரலாறு ஒன்றை நாம் நினைவுகூர வேண்டும்.

திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் கள்ளர் சமூகத்தார் காவல் தொழில் செய்து கூலி பெற்றுவந்தனர். களவுபோன பொருளை மீட்டுத்தரத் 'துப்புக்கூலி' வாங்கும் வழக்கமும் இருந்தது. கூலி தராத வீட்டில் களவு நிகழ்கிறது என்று குடியானவர் மனம் வெதும்பினர். 1896இல் திண்டுக்கல் வட்டத்தில் அம்மையப்பக் கோன் என்பவரின் தலைமையில் ஓர் இயக்கம் எழுந்தது. 'பண்டு' எனும் பெயரால் நிதி திரட்டிக் காவல்காரரை வெளியேற்ற முற்பட்டனர், வீடுகள் தீக்கிரையாயின. குடியானவரின் குறை பொய்யன்று. ஆயினும் சிலருடைய செயல் குலம் முழுவதற்கும் உரிய இயல்பாகப் பேசப்பட்டது.

அப்பேச்சுக்கு ஆங்கில அரசு சட்ட வடிவம் தந்தது. வடநாட்டில் 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் அதன் பிடிக்குள் வீழ்ந்தனர். பெயரைப் பதிய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். இவற்றினும் கொடியது ஒன்று உண்டு: ஒரு குலத்தைக் குற்றப் பரம்பரை என அறிவித்த ஆணையின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என அச்சட்டமே விதித்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் எனும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் நெடுங்காலம் போராடிய பின்னர், 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று. 1952இல் நாடெங்கும் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, அதன் சிந்தனை ஒழிந்ததா? கணினி தானாக எதையும் அறிவதில்லை. பழைய பதிவேடுகளைப் படித்தே அது கணிக்கிறது. எந்தப் பகுதியினர் முன்பு மிகுதியாகக் கைது செய்யப்பட்டனரோ, அவர்களையே அது மீண்டும் சுட்டும். எந்திரம் சொல்லிற்று என்பதால் அச்சொல்லுக்கு நடுநிலையெனும் பெருமையும் கிட்டும். தமிழகக் காவல்துறையில் 2021இல் முகமறி மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை அடையாளச் சட்டம் கைரேகை, கருவிழி முதலிய பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடமளிக்கிறது.

மிகையான ஐயத்தையும் பிறர் மறைவைத் துருவுவதையும் திருமறையின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் விலக்கியிருப்பதை நாம் அறிவோம். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பதும் திருமறையின் போதனையே. இதற்கு இணங்கும் நெறியை இன்றைய சட்டங்களிலும் காண்கிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தனர். குணநலக் கணிப்பை மட்டுமே கொண்டு ஒருவர் குற்றம் செய்வார் என மதிப்பிடும் எந்திர முறையை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க வழி வைத்திருக்கிறது.

களவைத் தடுக்கக் காவல் வேண்டும், கருவியும் வேண்டலாம். ஆனால், எந்திரம் ஒருவனைச் சுட்டினால், ஏன் சுட்டிற்று என அவன் கேட்கவும், மனிதர் ஒருவர் அதற்கு விடையிறுக்கவும், விடை பொருந்தாவிடின் நீதிமன்றத்தில் வழக்காடவும் சட்டம் இடம் தரவேண்டும். 1911ஆம் ஆண்டின் சட்டம் அடைத்தது அந்த வாயிலைத்தான். புதிதாக எழுதப்படும் எச்சட்டமும் அதனை முதலில் திறந்துவைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.